தம்பதியர் சித்திரமும் மரபுடையும்
(கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டத்து வரிப்பத்தான்சேனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கணவனையும் மனைவியையும், அவர்கள் தம் முன்னோர் உடுத்திய உடையிலேயே, ஒரே கித்தானில், தைல வர்ணத்தால் எழுதுவது எங்ஙனம் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தொழிற்பயிற்சி பற்றிய சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால், தூரிகையைக் கையில் எடுத்து இருவரை எதிரே அமர்த்திப் பார்த்தவர் எவரும், தனியொருவரின் முகத்தை எழுதுவதைக் காட்டிலும் இது பன்மடங்கு கடினமானது என்பதை முதல் நாளிலேயே உணர்ந்துவிடுவர். ஏனெனில், இங்கே எழுதப்பட வேண்டியவை இரண்டல்ல, மூன்று: கணவர், அவரின் மனைவி, அவ்விருவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் விளைந்திருக்கும் உறவு. இம்மூன்றாவதற்கு உருவமும் இல்லை, நிறமும் இல்லை. அதனோடு மரபுடை என்னும் பேரழகான இடையூறு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பட்டும் சரிகையும் பொன்னும் கண்ணைக் கவரக் கவர, அவற்றை அணிந்திருக்கும் இரண்டு மனிதர்களும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், இறுதியில் உடை மட்டுமே கித்தானில் எஞ்சிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இந்த அபாயத்தைப் பற்றியே நான் இன்று பெரும்பாலும் பேசவிருக்கிறேன்.

தமிழ் நாட்டில் தம்பதியரை மரபுடையில் எழுதும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், அதாவது இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட காலத்தை ஒட்டி, தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தர்களின் விருப்பத்திற்கிணங்க, ஒவ்வொரு குலத்திலும் தொழிலிலும் ஒரு கணவன், ஒரு மனைவி என்று வரிசை வரிசையாகத் தம்பதியரை எழுதித் தொகுதிகளாக விற்றனர். நெசவாளரும் அவர் மனைவியும், குயவரும் அவர் மனைவியும், சிப்பாயும் அவர் மனைவியும், முஸ்லிம் வணிகரும் அவர் மனைவியும் என அத்தொகுதிகள் நீளும். காகிதத்தில் நீர் வர்ணத்தால் எழுதப்பட்ட அச்சித்திரங்களில் பல, இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையிலும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. அவற்றிலே தலைப்பாகையின் மடிப்பும், சேலையின் கரையும், கையிலுள்ள தொழிற்கருவியும் வியக்கத்தக்க நுட்பத்தோடு அமைந்துள்ளன. அக்காலத்து மக்கள் எதை உடுத்தினர், எப்படி உடுத்தினர் என்று ஆராய்பவர்க்கு அவற்றை விடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

எனினும் அத்தொகுதி ஒன்றைப் புரட்டிக்கொண்டே வருபவர், சில ஏடுகள் கடந்ததும் ஒரு வெறுமையை உணர்வார். ஓர் ஏட்டிலிருந்து மறு ஏட்டிற்கு உடை மாறுகிறது, முகம் மாறுவதில்லை. அதே பக்கவாட்டுப் பார்வை, அதே கண், அதே இதழ். சித்திரத்தின் ஓரத்தில் குலத்தின் பெயரோ தொழிலின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். நிற்கும் அவ்விருவரின் பெயர் எழுதப்பட்டிராது. எழுதுவித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் விரும்பியது ஒரு தேசத்து மக்களின் மாதிரிகளையே அன்றி, இன்ன ஊரில் இன்ன வீட்டில் வாழ்ந்த இன்னாரை அன்று. அந்தச் சித்திரக்காரர்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களின் கோட்டைப் பார்த்து இன்றும் கற்கிறேன். ஆனால், மரபுடையில் தம்பதியரை எழுதப் புகும் ஒருவன் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அங்கேதான் பிறக்கிறது: நான் எழுதுவது ஒரு வகையையா, அல்லது ஓர் ஆளையா?

தைல வர்ணம் நம் பக்கத்திற்கு வந்து சேர்ந்து வேரூன்றிய வரலாற்றிலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் கிளிமானூர் இரவிவர்மாவுடையது. 1848இல் பிறந்த அவர், இளமையிலேயே திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்து, அங்கே சமஸ்தானச் சித்திரகாரராய் விளங்கிய மதுரை இராமசாமி நாயக்கர் தைல வர்ண முறையைக் கற்பிக்க மறுத்தமையால், 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் தீட்டுவதை அருகிருந்து பார்த்தும், தாமே பரிசோதித்தும் அக்கலையைக் கைவசப்படுத்தினார் என்பது பிரசித்தம். 1873இல் வியன்னா நகரத்துக் கண்காட்சியில் அவர் சித்திரம் பரிசு பெற்றது. 1893இல் சிக்காகோ கண்காட்சிக்கு, இந்தியாவின் வெவ்வேறு பகுதிப் பெண்களை அவரவர் உடையில் எழுதிய பத்துச் சித்திரங்களை அவர் அனுப்பினார். அந்தப் பத்துச் சித்திரங்களின் நோக்கத்தைப் பார்த்தால் தஞ்சாவூர்த் தொகுதியின் நோக்கத்திற்கு அது வெகுதூரத்தில் இல்லை. அங்கும் தேசத்தின் பல வகுப்பினரை உலகிற்குக் காட்டுவதே கருத்து. ஆனால் கை வேறு. சேலையின் நிழல் விழும் கன்னமும், களைப்போ சிந்தனையோ தேங்கிய இமையும், அங்கே இருப்பது ஒரு வகுப்பின் பிரதிநிதி மட்டுமன்று, ஒரு பெண் என்று நம்மை நம்பச் செய்கின்றன. இரவிவர்மாவின் புராணச் சித்திரங்களை விட, அவர் கூலிக்கு எழுதிய மனித முகங்களே உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். அதை மறுப்பவர்கள் பலர் உளர், மறுக்கட்டும்.

இலங்கையிலும் தைல வர்ண முகச் சித்திரத்திற்கு ஒரு நல்ல பரம்பரை உண்டு. 1943இல் கொழும்பில் உருவான 43 குழு என்னும் சித்திரகாரர் குழுவினரில் ஒருவரான ஹரி பீரிஸ், அக்குழுவில் மற்றவர்கள் புதுமை புதுமை என்று உருவத்தைச் சிதைத்தும் வளைத்தும் பார்த்துக்கொண்டிருந்த வேளையிலும், எதிரே அமர்ந்தவரின் குணத்தைத் தேடி எழுதுவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று சபுமல் மன்றமாகப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. கொழும்புக்குப் போகும் மாணவர்கள் அங்கே ஒரு பிற்பகலைச் செலவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் மேலே செல்வது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவத்தை எழுதுவது மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வி இச்சபையில் பலர் உள்ளத்தில் இருக்கும். ஹதீஸ்களை ஆதாரமாகக் கொண்டு அதனைத் தவிர்ப்போர் நம்மிடையே உளர். அவர்களின் பேணுதலை நான் மதிக்கிறேன். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு சித்திரத்தைத் தொங்கவிடும்படி எவரும் வற்புறுத்தலாகாது. ஆயினும், முஸ்லிம்களின் வரலாற்றிலே முகச் சித்திரம் இருந்ததே இல்லை என்று சிலர் சொல்வது உண்மையன்று. இஸ்தான்புல் நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வெனிஸ் நகரத்திலிருந்து ஜென்டிலே பெல்லினி என்பவரை வரவழைத்துத் தம்மை எழுதுவித்தார். 1480ஆம் ஆண்டைத் தாங்கிய அச்சித்திரம் இலண்டன் தேசியச் சித்திரசாலைக்கு உரியது. முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் முகச் சித்திரம் ஒரு பெருங்கலையாய் வளர்ந்தது. 1842இல் பிறந்த உஸ்மான் ஹம்தி பே, பாரிசில் தைல வர்ணம் பயின்று திரும்பி, இஸ்தான்புலில் நுண்கலைக் கல்லூரியின் முதற் தலைவரானார். ஈரானிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபத்ஹ் அலீ ஷா தம்மை ஆளுயரத் தைல வர்ணச் சித்திரங்களில் திரும்பத் திரும்ப எழுதுவித்தார். அவற்றிலும் இரத்தினங்களும் இடைவரை நீண்ட தாடியும் கண்ணைப் பறிக்க, மனிதர் யார் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. நம் ஊர்களில் இன்று கலியாண வீட்டுக்குப் புகைப்படக்காரர் வராத வீடு அரிது. புகைப்படத்தை ஏற்பவர் சித்திரத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனச்சாட்சிக்கும் அவர் நம்பும் ஆலிம்களின் விளக்கத்துக்கும் உரியது. இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லன்.

அடுத்து, மரபுடை என்பது என்ன? ஒரு தம்பதியர், "எங்கள் மரபுடையில் எழுதுங்கள்" என்று வந்தால், எந்தக் காலத்து மரபு என்று கேட்பது சித்திரகாரனின் கடமை. நம் மூத்தவர்களின் பழைய புகைப்படங்களில் சிவந்த துருக்கித் தொப்பியைப் பார்த்து, அது ஆதிகாலந்தொட்டு வந்தது என்று எண்ணுகிறோம். அப்படியன்று. எகிப்தில் ஆங்கிலேயருக்கெதிராகக் கிளர்ந்து தோற்ற அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை இங்கே வாழ்ந்தார். அவரோடு வந்தவர்களின் தோற்றத்தைக் கண்டே அத்தொப்பி நம்மவரிடையே பெரிதும் பரவியது. அது பரவி அதிக காலம் ஆகு முன்னரே, 1905இல், எம்.சி. அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் அத்தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற, நீதியரசர் அதனை அகற்றப் பணிக்க, அதைத் தங்கள் மானத்திற்கு நேர்ந்த இழுக்காகக் கருதி இத்தீவின் முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டு போராடி அவ்வுரிமையைப் பெற்றனர். நேற்று வந்த ஒரு தொப்பி, இன்று மானத்தின் சின்னமாயிற்று. ஆகவே உடையின் வயதை வைத்து அதன் கனத்தை அளத்தல் கூடாது. ஆனால் அதன் வயதைச் சித்திரகாரன் அறிந்திருக்க வேண்டும். இறக்காமத்துக் குளத்து நீரில் வேளாண்மை செய்த ஒரு போடியாரை எழுதும்போது, அவர் வாழ்நாளில் ஒருநாளும் அணிந்திராத தொப்பியையும் நீண்ட அங்கியையும் அவருக்கு அணிவிப்பது பொய். அவருக்கு உரியவை வெள்ளைச் சாறனும், பை வைத்துத் தைத்த அகன்ற இடுப்பு வாரும், தோளில் ஒரு துண்டும். அவர் மனைவிக்கு உரியது மருதமுனைத் தறியில் நெய்த சேலை, அதன் முந்தானையே முக்காடாய்த் தலையைச் சுற்றி வந்து தோளில் விழும் அந்த இயல்பான வளைவு. கலியாணத்திற்குக் கட்டிய கூறைப் பட்டு பெட்டியில் இருக்கலாம். அதை எடுத்து உடுத்தியே தீரவேண்டும் என்று பிள்ளைகள் சொல்லவும் செய்வர். உடுத்தட்டும், ஆனால் அறுபது வயது மூதாட்டி பதினாறு வயதில் கட்டிய பட்டை மீண்டும் கட்டும்போது அவர் உடல் அதற்குள் எப்படி அமர்கிறது என்பதையே நாம் எழுத வேண்டும்.

இருவரை எங்கே, எப்படி அமர்த்துவது என்பதில் ஐரோப்பாவிலே ஒரு சம்பிரதாயம் நிலவி வந்திருக்கிறது. யான் வான் ஐக் 1434இல் எழுதிய அர்னோல்பினி தம்பதியர் சித்திரத்தில், பார்ப்பவரின் இடப்பக்கத்தில் கணவர், வலப்பக்கத்தில் பச்சை அங்கியைக் குவித்துப் பிடித்த மனைவி. இருவருக்கும் பின்னால் சுவரில் ஒரு குவிவாடி. அதற்குள் அவர்களின் முதுகுப்புறமும், அறைவாசலில் நிற்கும் வேறிருவரும் நுண்ணளவில் தெரிகின்றனர். ஆடிக்கு மேலே, தாம் அங்கு இருந்ததாகச் சித்திரகாரர் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்திருக்கிறார். ரெம்பிரான்ட் 1634இல் ஒரு புதுமணத் தம்பதியரை இரண்டு தனித்தனிக் கித்தான்களில் ஆளுயரம் எழுதினார். அங்கும் கணவர் இடம், மனைவி வலம். அவ்விரண்டையும் 2016இல் நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து 160 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கின. எந்நாட்டில் வைத்தாலும் இரண்டையும் ஒன்றாகவே காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கித்தான் இரண்டாயினும் சித்திரம் ஒன்று என்பதை இரு அரசுகள் ஒப்புக்கொண்டன என்றே நான் இதைக் கொள்கிறேன்.

இந்தச் சம்பிரதாயத்தை மீறிய ஒரு சித்திரம் உண்டு. இத்தாலியில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா, உர்பினோ நகரத்துப் பிரபுவையும் அவர் மனைவியையும் எதிரெதிரே பக்கவாட்டு முகமாக இரண்டு பலகைகளில் எழுதினார். பிரபு ஒரு போட்டியில் வலக்கண்ணை இழந்தவர். ஆதலால் அவருடைய இடப்பக்க முகத்தையே காட்டவேண்டியதாயிற்று. அதனால் அவர் வலப்புறப் பலகைக்கு வர, கௌரவத்துக்குரிய இடப்புறம் மனைவிக்குக் கிடைத்தது. அந்த அம்மையார் 1472இல் மறைந்தார். சித்திரம் அவர் மறைவுக்குப் பின் எழுதப்பட்டது என்பதே அறிஞர் பலரின் கருத்து. அவருடைய முகம் மிக வெளிறியிருக்கிறது. பிரபுவுக்கு எஞ்சிய அந்த ஒரு நல்ல கண், மறைந்த மனைவியை நோக்கியே திறந்திருக்கிறது.

நமக்கோ இச்சம்பிரதாயத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய அவசியமே இல்லை. கிழக்கிலங்கைக் கரையில், தமிழர் ஆயினும் முஸ்லிம்கள் ஆயினும், குடி தாய்வழியில் வருகிறது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை தன் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வருகிறார். அப்படியிருக்க, நம்மூர்ப் புகைப்படக் கடைகளில், வெளியூரிலிருந்து இறக்குமதியான வழக்கப்படி, கணவரை நாற்காலியில் அமர்த்தி மனைவியை அருகில் நிற்கவைத்து எடுத்தார்கள். தன் வீட்டு விறாந்தையில் ஒரு பெண் ஏன் நிற்கவேண்டும்? வீட்டுக்குரியவள் அமர்ந்திருக்க, வந்து சேர்ந்தவர் அவளருகில் அமர்வதோ நிற்பதோ எதுவாயினும், அது நம் கரையின் உண்மை. இதை எழுதிக் காட்டும் முதல் சித்திரகாரர் இச்சபையிலுள்ள மாணவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.

இனித் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். ஐரோப்பியர் எழுதிய பயிற்சி நூல்களெல்லாம் வடக்குச் சாளரத்து ஒளியில் எழுதும்படி சொல்கின்றன. வடக்கே சூரியன் வராதாகையால் ஒளி நாள் முழுதும் மாறாது என்பது காரணம். நாமோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில் வடக்குச் சாளரத்தை நம்பியவர் காலையிலும் மாலையிலும் வெயிற்கீற்றோடு போராட வேண்டியதுதான். அப்போது தெற்குச் சாளரமே நமக்கு நல்லது. மார்கழி, தை மாதங்களில் மாரி மழை ஈரம் காற்றில் நிறைந்திருக்க, வர்ணம் உலர மறுக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு இறுகுவது. ஆகையால் கீழ்ப்படை டர்ப்பன்டைன் கலந்து மெலிந்திருக்க, மேற்படைகள் எண்ணெய் மிகுந்து வரவேண்டும். மாற்றிச் செய்தால் மேற்படை முதலில் இறுகிக் கீழ்ப்படை அசைய, சில ஆண்டுகளில் சித்திரம் வெடித்துவிடும். பெரும்போக அறுவடை முடிந்து, மக்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே தம்பதியரை அமர்த்த உகந்த காலம். எழுதி முடித்ததும் உடனே பளபளப்பு மெருகைப் பூசுவதற்கு அவசரப்படக்கூடாது. ஆறு மாதமேனும், படை தடித்திருந்தால் ஓராண்டேனும் பொறுத்தல் வேண்டும்.

நம் மக்களின் மாநிறத்தை எழுதுவதில் பெரும்பாலானோர் வெள்ளை வர்ணத்தால் கெடுக்கின்றனர். ஒளி விழும் இடத்தை வெளுப்பாக்க வெள்ளையைக் கலக்கக் கலக்க, தோல் சாம்பல் பூத்துச் சுண்ணாம்புபோல் ஆகிவிடும். மஞ்சட் காவியும், சுட்ட சியன்னாவும், நிழலுக்குச் சிறிது அல்ட்ரமரீன் நீலமும் சேர்ந்தால் நம் தோலின் வெப்பம் வரும். வெள்ளை, நெற்றியிலும் மூக்கின் நுனியிலும் ஒரு துளி போதும். கறுப்பு வர்ணத்தை நிழலில் சேர்ப்பது முகத்தைச் செத்த முகமாக்கும். போடியாரின் வெள்ளைச் சாறனோ உண்மையில் வெள்ளையே அன்று. அதன் நிழல் மடிப்பு நீலம். திண்ணையின் சிவப்புத் தரை எதிரொளிக்கும் கீழ்க்கரை இளஞ்சிவப்பு. வயல் வட்டைப் பக்கம் திறந்த வாசல் இருப்பின், முழங்காலருகே ஓர் இளம்பச்சை தெரியும். இவற்றையெல்லாம் எழுதிய பிறகு, தூய வெள்ளைக்கு உரிய இடம் உள்ளங்கையளவுகூட மிஞ்சாது.

பொன்னை எழுதுவது இன்னொரு பாடம். தஞ்சாவூர்ப் பலகைச் சித்திரங்களில் உண்மைப் பொற்தகடே ஒட்டப்பட்டது. அங்கே அது தெய்வ உருவத்தின் மகிமைக்கு உரியது, அழகும் உடையது. தைல வர்ணத்திலோ பொன் என்பது ஓர் ஒளி. அம்மையாரின் அட்டியலைச் சித்திரிக்கக் கடையில் விற்கும் பொன்வர்ணத்தை வாங்கிப் பூசினால், அது கித்தானின் மேல் ஒட்டிய ஜிகினாத் தாளாய் நிற்கும். மஞ்சட் காவியும் அம்பரும் கொண்டு அதன் உடலைக் கருமையாகவே எழுதி, வெளிச்சம் விழும் ஒரே ஒரு முத்தில் மட்டும் இளமஞ்சள் கலந்த வெள்ளையைத் தடித்து வைத்தால், அந்த ஒரு புள்ளி கழுத்து முழுவதையும் பொன்னாக்கும். காது மடல் நெடுக வரிசையாய்க் குத்தியிருக்கும் வளையங்களில் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டியதில்லை. ஆனால் நெடுங்காலம் பாரம் சுமந்து தளர்ந்த அந்தக் காது மடலின் துளையை எழுதத் தவறலாகாது. அந்தத் துளையில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. நகைக்கடைப் பொன்னில் அது இல்லை.

இதுவரை சொன்னவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஆழிப்பேரலையாய் நம் கரைமேல் ஏறியது. இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே. உயிர்களோடு வீடுகளும், வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளிலிருந்த கலியாணப் படங்களும் போயின. சில ஆண்டுகளுக்குப் பின் கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் என்னிடம் வந்து, தம் வாப்பா உம்மா இருவரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டார். அவர் கையில் இருந்தவை, இருவரின் அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களின் பிரதிகள் மட்டுமே. வாப்பாவின் படம் அவர் இருபது வயதளவில் எடுத்தது. உம்மாவின் படம் ஐம்பதை நெருங்கியபோது. ஒன்றில் ஒளி நேரே முகத்தில் விழுகிறது, மற்றொன்றில் இடப்பக்கத்திலிருந்து. இரண்டையும் அப்படியே ஒரே கித்தானில் வைத்தால், ஒரு தாயும் மகனும் இருப்பதாகத்தான் காண்பவர் எண்ணுவர்.

வாப்பாவின் தம்பியாகிய சாச்சா உயிரோடிருந்தார். அவரை வரவழைத்து, அண்ணனின் முகத்தில் முதுமை எந்த வழியாக வந்திருக்கும் என்பதை அவர் நெற்றியிலும் தாடையிலும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உம்மாவின் கைகளுக்கு அவர் மூத்த மகளின் கைகள் உதவின. உடையைப் பற்றி எந்தச் சந்தேகமும் எழவில்லை. எந்தச் சேலை, எந்தக் கரை, முக்காடு எந்தக் காதுக்குப் பின்னால் ஒதுங்கும் என்பதெல்லாம் மகளுக்கு மனப்பாடம். சித்திரம் ஏறக்குறைய முடிந்தபோது அந்த மகள் வந்து நெடுநேரம் பார்த்து நின்று, "உம்மா இப்பிடி நேராப் பார்க்கமாட்டா, வாப்பா பேசக்குள்ள தலையைச் சாய்ச்சுத்தான் கேட்பா" என்றார். உம்மாவின் தலையைக் கணவர் பக்கமாகச் சிறிது சாய்த்து மீண்டும் எழுதினேன். அந்தச் சாய்வுக்குப் பிறகே அவர்கள் கணவனும் மனைவியும் ஆயினர். முகச்சாயலும் உடையும் அதற்கு முன்பே பொருந்தித்தான் இருந்தன. இருவருக்கும் இடையே நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்றாவது பொருள் மட்டும் அதுவரை கித்தானில் இல்லை.

அம்ஸ்டர்டாம் நகரத்து நூதனசாலையில் ரெம்பிரான்ட் தம் கடைசி ஆண்டுகளில் எழுதிய ஒரு தம்பதியர் சித்திரம் இருக்கிறது. பிற்காலத்தார் அதற்கு "யூத மணமகள்" என்று பெயரிட்டனர். 1885இல் அதன் முன் அமர்ந்த வான்கோ, காய்ந்த ரொட்டியை உண்டுகொண்டு இன்னும் பல நாள் அங்கேயே அமர்ந்திருக்கக் கிடைத்தால் ஆயுளில் பத்தாண்டைக் கொடுக்கலாம் என்று சொன்னதாக அவருடைய நண்பர் பதிந்திருக்கிறார். அச்சித்திரத்தில் கணவரின் சட்டைக் கை, வர்ணத்தைக் கத்தியால் அப்பியெடுத்தாற்போல் தடித்துப் பொன்னிறமாய்த் திரண்டு நிற்கிறது. மனைவியின் உடை ஆழ்ந்த சிவப்பு. உலகில் அதனினும் ஆடம்பரமாக எழுதப்பட்ட உடை மிகச் சிலவே. ஆயினும், பார்ப்பவர் கண் அந்த உடையில் தங்குவதில்லை. கணவர் மனைவியின் மார்பருகே கையை வைத்திருக்க, அக்கையின் மேல் அவள் தன் விரல் நுனிகளை மட்டும் வைத்திருக்கிறாள். அங்கேதான் கண் போய் நிற்கிறது. ஒருவரையொருவர் அவர்கள் பார்க்கவுமில்லை. உடையின் செல்வம் முழுவதும் அந்த விரல் நுனிகளுக்குப் பணிவிடை செய்கிறது. மரபுடையை எழுதுவதற்கு இதைவிட மேலான இலக்கணம் நான் அறியேன். நம்மவர் பொதுவிடத்தில் கை பிடித்து அமர்வதில்லை; ஆனால் வெற்றிலை வட்டாவை நகர்த்துவதிலும், காற்றில் விலகிய முக்காட்டை மனைவி இழுத்துவிடும்போது கணவர் வேறுபுறம் பார்த்துக்கொள்வதிலும், நம்மிடையே அந்த விரல் நுனிகளுக்கு ஈடானவை ஏராளம் உண்டு. மாணவர்கள் அவற்றைத் தேடட்டும். சித்திரம் அங்கிருந்து தொடங்கட்டும். உடை பின்னர் வரலாம்.

கடைசியாகச் சித்திரத்தைப் பேணுவது பற்றி ஒரு வார்த்தை. நம் கரையின் உப்புக்காற்றில் பருத்திக் கித்தான் தளர்ந்து இறுகித் தளர்ந்து நைந்துபோகும். இயன்றவர்கள் ஆளிச்செடி நாரில் நெய்த கித்தானை வாங்கட்டும். சித்திரத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்னால் காற்று உலவும்படி கீழ்மூலைகளில் சிறு கட்டைகளை வைத்து மாட்டினால் பூஞ்சணம் பிடிக்காது. சட்டத்தின் மரத்தைக் கறையானுக்காக மாரிக்கு முன்னும் பின்னும் பார்த்துவர வேண்டும்.

பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும் பிள்ளைகளிடம் நான் வேண்டிக்கொள்வது இது: நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி, அவர்கள் இருவரையும் அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் வழக்கமாய் உடுத்தும் உடையிலேயே, சேர்த்து அமர்த்தி எழுதுவியுங்கள். எழுதப் பழகும் மாணவர்களே, முதலில் உங்கள் வீட்டு மூத்தவர்களை எழுதுங்கள். எழுதி முடித்ததும், தஞ்சாவூர்த் தொகுதிகளைப்போல் ஓரத்தில் குலத்தையும் தொழிலையும் எழுதி விட்டுவிடாமல், கித்தானின் பின்புறத்தில் அவ்விருவரின் முழுப்பெயரையும், அவர்கள் ஊர் வரிப்பத்தான்சேனை என்பதையும், எழுதிய ஆண்டையும் அழியாத மையினால் எழுதிவையுங்கள்.